இடுப்பு மூட்டு மாத்தி ஏழு வாரம் ஆச்சு, அப்பா பைக் சாவி கேக்கறார், அம்மா பாத்ரூமுக்கே தனியா விடல. யார் சொல்றது சரி?

தம்பி, உங்க கேள்வியை நான் புரிஞ்சுகிட்ட வரைக்கும் ஒரு தடவை சொல்லிடறேன். அப்பாவுக்கு 56 வயசு, மன்னார்குடி பக்கம் விவசாயம், ஏவிஎன் (ரத்த ஓட்டம் குறைஞ்சு தொடை எலும்போட தலை அழிஞ்சு போறது) வந்து வலது இடுப்பு மூட்டை முழுசா மாத்தி ஏழு வாரம் ஆகுது, தழும்பு பின்பக்கமா இருக்கு. வாக்கரை விட்டு ஸ்டிக்குக்கு வந்துட்டார். வலி சுத்தமா போயிடுச்சுங்கறார், ரிவ்யூல எக்ஸ்ரே பாத்துட்டு டாக்டரும் நல்லா இருக்குன்னுட்டார். அதனால அவருக்கு பைக் எடுக்கணும், வயலுக்குப் போகணும், பழனிக்குப் படியேறி வர்றேன்னு ஒரு வேண்டுதல் வேற இருக்கு. அம்மா என்னடான்னா பாத்ரூம் போனாக்கூட வாசல்ல நின்னு கதவைத் தட்டறாங்க. ரெண்டு பேருக்கும் தினமும் சண்டை, நடுவுல நீங்க.

நான் பிசியோதெரபிஸ்ட், 19 வருஷமா டெல்டா பக்கம்தான் வேலை, என்கிட்ட வர்றதுல பாதிப் பேர் இடுப்பும் முழங்காலும் மாத்தினவங்க. அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன், பொறுமையா படிங்க, முடிஞ்சா அப்பாவுக்கும் படிச்சுக் காட்டுங்க.

அப்பா சொல்றது ஒரு விஷயத்துல சரி. மூட்டு நல்லா இருக்கு. தொடை எலும்போட அழிஞ்சு போன தலையை எடுத்துட்டு எலும்புக்குள்ள கம்பி மாதிரி ஒரு ஸ்டெம், அது மேல ஒரு பந்து, இடுப்பு எலும்புல ஒரு கப், கப்புக்குள்ள பிளாஸ்டிக் லைனர்னு வெச்சிருக்காங்க, வலி குடுத்துட்டு இருந்த பாகமே இப்ப உடம்புல இல்ல, அதனாலதான் இவ்வளவு சீக்கிரம் வலி போச்சு. ஆனா அந்த மூட்டைப் புடிச்சு நிறுத்தற சதை? அது இன்னும் தயாராகல. ஏவிஎன்னோட அவர் எத்தனை நாள் நொண்டி நடந்தார்? பெரும்பாலும் ஒரு வருஷம் ரெண்டு வருஷம் ஓடியிருக்கும், முதல்ல முழங்கால் வலின்னு தைலம் தேச்சிருப்பார், அப்புறம் தொடை இடுக்குல வலி வந்து ஸ்கேன் எடுத்திருப்பீங்க. அவ்வளவு நாளும் அந்தக் காலுக்கு முழு பாரம் குடுக்காம ஏமாத்தி ஏமாத்தி நடந்ததுல இடுப்போட பக்கவாட்டுச் சதை வத்திப் போயிருக்கும். டாக்டர் மூட்டை ரெண்டு மணி நேரத்துல மாத்திடலாம், சதையை யாராலயும் மாத்த முடியாது, தினம் தினம் வேலை வாங்கித்தான் கொண்டு வரணும். நான் பாக்கறவங்கள்ல முக்காவாசிப் பேர் வலி போன அன்னிக்கு எக்சர்சைஸை நிறுத்திடறாங்க, ஆறு மாசம் கழிச்சு "மூட்டு மாத்தியும் நொண்டல் போகலையே சார்"னு வர்றாங்க. உங்க அப்பா இப்ப சரியா அந்த இடத்துலதான் நிக்கறார், அதான் இவ்வளவு அக்கறையா எழுதறேன்.

இதை நீங்களே வீட்ல பாத்துடலாம். அப்பாவை சமையல் மேடையைப் புடிச்சுகிட்டு நேரா நிக்கச் சொல்லுங்க. நீங்க பின்னாடி உக்காந்து ரெண்டு கட்டைவிரலையும் அவர் இடுப்பெலும்போட ரெண்டு பக்க மேட்டுல வைங்க, ரெண்டும் ஒரே மட்டத்துல இருக்கும். இப்ப இடது காலை லேசா தூக்கி வலது கால்ல மட்டும் நிக்கச் சொல்லுங்க. வலது பக்கச் சதைல பலம் இருந்தா ரெண்டு விரலும் அதே மட்டத்துல நிக்கும், இல்ல இடது விரல் கொஞ்சம் மேலகூட ஏறும். பலம் இல்லன்னா இடது விரல் கீழ இறங்கும், இல்லன்னா அது இறங்காம இருக்க அப்பா மொத்த உடம்பையும் வலது பக்கம் சாய்ப்பார். இதுக்கு டிரெண்டலன்பர்க் டெஸ்ட்னு பேரு, நூறு வருஷத்துக்கு மேல டாக்டர்கள் பாக்கற டெஸ்ட், இதுக்கு மெஷின் எதுவும் வேண்டாம். ஏழாவது வாரத்துல பெரும்பாலானவங்களுக்கு விரல் இறங்கும், பயப்பட வேண்டாம், ஆனா விரல் இறங்கறது நிக்கற வரைக்கும் ஸ்டிக்கை விடக்கூடாது. அப்பா ஸ்டிக் இல்லாம நடந்து காட்டி "பாரு நல்லாத்தான நடக்கறேன்"னு சொன்னா பின்னாடி நின்னு பாருங்க, ஒவ்வொரு அடிக்கும் தோள் வலது பக்கம் சாயும். அப்படி ரெண்டு மாசம் நடந்துட்டா உடம்பு அதையே பழக்கமா வெச்சுக்கும், அப்புறம் சதை தேறினாலும் நடை மாறாது.

ஸ்டிக்னதும் ஒண்ணு கேக்கறேன், எந்தக் கைல புடிக்கறார்? பத்துல ஏழு பேர் ஆபரேஷன் பண்ண பக்கமே புடிச்சுகிட்டு வர்றாங்க. தப்பு. வலது இடுப்புன்னா இடது கை, வலது காலும் இடது கை ஸ்டிக்கும் ஒண்ணா முன்னாடி போகணும். காரணம் சொல்றேன். ஒத்தக் கால்ல நிக்கறப்ப உடம்பு எடை ஒரு பக்கம் இழுக்குது, பக்கவாட்டுச் சதை எதிர்ப்பக்கம் இழுத்துப் புடிக்குது, தராசு மாதிரி. ஆனா சதை இருக்கற பக்கம் தண்டு ரொம்பக் குட்டை, அதனால அது உடம்பு எடையைப் போல ரெண்டு மடங்கு இழுக்க வேண்டியிருக்கு. ரெண்டும் சேர்ந்து மூட்டு மேல விழற பாரம் எடையைப் போல ரெண்டரை மூணு மடங்கு. அப்பா 70 கிலோன்னா ஒவ்வொரு அடிக்கும் கிட்டத்தட்ட 200 கிலோ. எதிர்க்கைல ஸ்டிக்கை ஊனினா தராசோட நீளமான தண்டைத் தாங்கற மாதிரி, கைல கொஞ்சம் அழுத்தம் குடுத்தாலே அந்தச் சதைக்கு வேலை நிறைய குறையும். அதே பக்கம் ஊனினா அந்தப் பலன் கிடைக்காது, அந்தப் பக்கமே சாயற பழக்கம்தான் வளரும். உயரம், நேரா நின்னு கையைத் தொங்கப் போட்டா மணிக்கட்டு மடிப்பு வர்ற இடத்துல கைப்பிடி இருக்கணும். அடியில இருக்கற ரப்பர் புஷ் தேஞ்சிருந்தா இன்னிக்கே மாத்துங்க, மெடிக்கல் ஷாப்ல கிடைக்கும், தேஞ்ச புஷ் ஈரத் தரையில சறுக்கி விட்டுடும்.

இப்ப அம்மா சொல்றது எங்க சரின்னு பாப்போம். பின்பக்கமா தழும்புன்னா பின்பக்கமா திறந்து பண்ணியிருக்காங்க. அப்படிப் பண்றப்ப பின்னாடி இருக்கற சின்னச் சின்னத் தசைகளையும் மூட்டைச் சுத்தி இருக்கற உறையையும் பிரிச்சுட்டு கடைசில திரும்பத் தெச்சிருப்பாங்க. அந்தத் தையல் உள்ளுக்குள்ள கெட்டியாக ஆறு வாரத்துல இருந்து மூணு மாசம் ஆகும், பந்து கப்புல இருந்து நழுவறது அதிகமா நடக்கறதும் இந்த முதல் மூணு மாசத்துலதான். அதுவரைக்கும் மூணு விஷயம் கூடாது: தொடையை வயித்துப் பக்கம் செங்கோணத்துக்கு மேல மடக்கறது, வலது காலை இடது கால் மேல போடறது, வலது பாதத்தை உள்பக்கம் திருப்பறது. மூணும் சேர்ந்து வந்தா இன்னும் மோசம். நம்ம வீட்டுல அது எப்ப வரும்னா, தாழ்வான சேர்ல இருந்து எந்திரிக்கறப்ப, கீழ விழுந்த சாவியைக் குனிஞ்சு எடுக்கறப்ப, உக்காந்த இடத்துல இருந்து பக்கத்துல இருக்கற செல்போனை எட்டி எடுக்கறப்ப, கால் நகம் வெட்டறப்ப. கயித்துக் கட்டில்ல படுத்தா நடுவுல குழி விழும், எந்திரிக்கறப்ப முழங்கால் இடுப்பை விட மேல வந்துடும், அதனால கயித்துக் கட்டில் வேண்டவே வேண்டாம், பலகைக் கட்டில் மேல கெட்டி மெத்தை. சோபாவும் அதே கதைதான். உக்காந்தா முழங்காலை விட இடுப்பு ஒரு இஞ்ச் மேல இருக்கணும், கைப்பிடி இருக்கணும். எந்திரிக்கறப்ப முதல்ல சேர் நுனிக்கு நகர்ந்து, வலது காலை முன்னாடி நீட்டி, கைப்பிடியை அழுத்தி இடது கால் பலத்துல எந்திரிக்கணும். தூங்கறப்ப இன்னும் கொஞ்ச நாளைக்கு கால் நடுவுல ஒரு தலையணை இருக்கட்டும்.

எத்தனை நாளைக்குங்கறது உங்க சர்ஜன் சொல்றதுதான், ஏன்னா அவர்தான் உள்ள பாத்தவர். சிலர் ஆறு வாரத்துல விடறாங்க, சிலர் மூணு மாசம்ங்கறாங்க, பந்து சைஸ் என்ன, தையல் எவ்வளவு கெட்டியா வந்துச்சுன்னு எல்லாம் பாத்து சொல்றது. முன்பக்கமா பண்ணவங்களுக்கு கட்டுப்பாடே வேற. பக்கத்து வீட்டுக்காரர் ஆறாவது வாரமே சம்மணம் போட்டு உக்காந்தார்னு யாராவது சொன்னா அவருக்கு எந்தப் பக்கம் பண்ணாங்க, மூட்டு மாத்தினாங்களா இல்ல எலும்பு முறிஞ்சு கம்பி வெச்சாங்களான்னே தெரியாம ஒப்பிடாதீங்க. கீழ விழுந்து முறிஞ்சு ராடு வெச்சவங்களுக்கு எலும்பு கூடற வரைக்கும் எவ்வளவு பாரம் ஊனலாம்ங்கற கணக்கே தனி. ஊர்ல எல்லாத்தையும் "இடுப்பு ஆபரேஷன்"னு ஒரே பேர்ல சொல்றோம், குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது.

ஆனா அம்மா பண்ற காவல் ஒரு அளவுக்கு மேல போனா கெடுதல். அப்பா எந்திரிச்சாலே கையைப் புடிக்கறது, தண்ணி சொம்பை எடுத்துக் குடுக்கறது, சாப்பாட்டை கட்டிலுக்கே கொண்டு போறது, இதெல்லாம் பாசம்தான், ஆனா ஒவ்வொண்ணும் அந்தச் சதைக்குக் கிடைக்க வேண்டிய ஒரு வேலையைப் பிடுங்கிடுது. அவங்க பயம் நியாயமானது, அதை வேற இடத்துல செலவழிக்கச் சொல்லுங்க. பாத்ரூம் வாசல்ல நிக்கறதுக்குப் பதிலா பாத்ரூமை சரி பண்ணலாம். வெஸ்டர்ன் டாய்லெட் மேல உயரம் கூட்டற பிளாஸ்டிக் ரைசர் கிடைக்கும், வாங்கி மாட்டுங்க, பக்கத்துச் சுவத்துல ஒரு கைப்பிடி அடிங்க, டவல் கம்பியைப் புடிச்சு எந்திரிக்கக்கூடாது அது கையோட வந்துடும். குளிக்க மனைக்கட்டை வேண்டாம், கைப்பிடி வெச்ச உயரமான சேர் போடுங்க, கால் அடியில சறுக்காத மேட். கதவை உள்தாழ் போட வேண்டாம், சும்மா சாத்தினா போதும், அம்மா நிம்மதியா அடுப்படியில இருக்கலாம்.

நடைவழியில கிடக்கற கால்மிதி, சாக்கு, ஒயர் எல்லாத்தையும் எடுத்துடுங்க. ராத்திரி பாத்ரூம் வழியில ஒரு சின்ன லைட் எரியட்டும். லுங்கியைப் பத்தி யாருமே சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். என்கிட்ட வந்த ஒரு பெரியவர், எல்லாம் அருமையா போய்கிட்டு இருந்துச்சு, அஞ்சாவது வாரம் ராத்திரி எந்திரிச்சப்ப லுங்கி நுனி வாக்கர் கால்ல மாட்டிகிச்சு, அதை எடுக்கக் குனிஞ்சார். அவ்வளவுதான், பந்து நழுவிடுச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆம்புலன்ஸ். மயக்கம் குடுத்து திரும்ப உள்ள போட்டாங்க, ஆனா மறுபடி ஆறு வாரம் முதல்ல இருந்து. அதுல இருந்து என்கிட்ட வர்ற எல்லாரையும் மூணு மாசத்துக்கு அரை டிராயர் இல்ல பேன்ட்தான்னு சொல்லிடறேன். செருப்பும் அப்படித்தான், ஹவாய் செருப்பு வேண்டாம், பின்னாடி பட்டி வெச்சது போடட்டும், ஒட்டற பட்டையா இருந்தா குனிய வேண்டியதில்ல, அம்மா மாட்டி விடலாம், இதுல தப்பில்ல.

எக்சர்சைஸ். உங்க பிசியோ குடுத்த சீட்டு இருக்கும், அதுதான் முதல். ஏழாவது வாரத்துல நான் பொதுவா குடுக்கறது இது. சமையல் மேடையைப் புடிச்சு நின்னு வலது காலை நேரா பக்கவாட்டுல தூக்கறது, உடம்பு சாயக்கூடாது, கட்டைவிரல் முன்னாடி பாக்கணும், பத்து தடவை, தூக்கறதை விட மெதுவா இறக்கறதுதான் முக்கியம். அதே மாதிரி இடது காலையும் தூக்கணும், ஏன்னா அப்பதான் வலது கால் தனியா தாங்கும், உண்மையில அதுதான் கஷ்டமான பாதி. மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கி அஞ்சு எண்றது. உயரமான சேர்ல இருந்து ரெண்டு கால்லயும் சமமா பாரம் போட்டு எந்திரிச்சு உக்கார்றது. இதெல்லாம் சுலபமானதும் படி. வீட்டு வாசப்படி உயரம் வேண்டாம், முதல்ல ஒரு தடிப் பலகை, நாலு இஞ்ச், வலது காலை மேல வெச்சு ஏறி இறங்கறது, ரெண்டு மூணு வாரத்துல ஆறு இஞ்ச். தினம் ரெண்டு வேளை, கால் மணி நேரம், மூணு மாசம் வரைக்கும் இல்ல, ஆறு மாசம் வரைக்கும். ஒருக்களிச்சுப் படுத்துக் கால் தூக்கறது நல்லதுதான், ஆனா சர்ஜன் ஓகே சொன்னதுக்கு அப்புறம், கால் நடுவுல தலையணையோட.

நடை, ஒரே மூச்சுல ஒரு மணி நேரம் நடந்துட்டு சாயங்காலம் காலைத் தூக்கிகிட்டு உக்கார்றதை விட பத்து நிமிஷமா நாலு தடவை நடக்கறது மேல். வாரா வாரம் ரெண்டு மூணு நிமிஷம் கூட்டிட்டே போனா மூணாவது மாசத்துல அரை மணி நேரம் வந்துடும். சாயங்காலம் கால் லேசா வீங்கும், காலைல வடிஞ்சுடும், மூணு மாசம் வரைக்கும் இது சகஜம். படுத்துகிட்டு கால் அடியில தலையணை வெச்சு துணியில சுத்துன ஐஸ் கால் மணி நேரம். எண்ணெய் தேச்சு அழுத்தி நீவி விடறேன்னு யாராவது சொந்தக்காரங்க வந்தா தயவுசெஞ்சு விடாதீங்க, குறிப்பா கெண்டைச் சதைல. ரத்தக் கட்டி இருந்தா அது பேர்த்துகிட்டு நுரையீரலுக்குப் போக வாய்ப்பிருக்கு, உயிருக்கே ஆபத்து.

அப்பாவுக்கு வலது கால் நீளமா இருக்கற மாதிரி தோணுதுன்னு எழுதியிருந்தீங்க. நிறைய பேர் சொல்வாங்க. இத்தனை நாள் சுருங்கிக் கிடந்த சதை, ஒரு பக்கம் கோணின இடுப்பு, இதெல்லாம் நேராக மூணு நாலு மாசம் எடுக்கும், பெரும்பாலும் அந்த உணர்வு தானா போயிடும். அதுக்குள்ள அவசரப்பட்டு இன்னொரு செருப்புக்கு ஹீல் ஒட்டாதீங்க, ஒட்டினா அந்தக் கோணலே நிலைச்சுடும்.

பைக். அவர் கேட்ட முதல் விஷயம் அதுதான், நான் சொல்ற பதில் அவருக்குப் புடிக்காது. கார் ஓட்டறதா இருந்தா ஆறு வாரத்துக்கு மேல, சடார்னு பிரேக் அடிக்க முடியுதான்னு பாத்து டாக்டர் விடுவார். பைக் அப்படி இல்ல. ஏர்றப்ப வலது காலைத் தூக்கி சீட்டுக்கு மேல வீசணும், பிரேக் வலது கால்ல, சிக்னல்ல வண்டி சாஞ்சா 110, 120 கிலோ வண்டியை அந்தக் கால் தாங்கணும், குறுக்க ஒரு நாய் வந்தா முதல்ல ஊனப் போறதும் அதே கால். மேல சொன்ன கட்டைவிரல் டெஸ்ட்ல விரல் இறங்காம அரை நிமிஷம் நிக்கற நாள் வரைக்கும் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும், மூணு மாசத்துக்கு முன்னாடி அது வர்றது கஷ்டம். அப்புறமும் முதல்ல ஸ்கூட்டி மாதிரி கால் வைக்க இடம் இருக்கற வண்டி, ஊருக்குள்ள, யாராவது கூட. அதுவரைக்கும் வயலுக்குப் போகணும்னா ஆட்டோ, இல்ல கார் முன்சீட்டை நல்லா பின்னாடி தள்ளி, குஷன் போட்டு, முதல்ல பின்பக்கமா உக்காந்துட்டு அப்புறம் ரெண்டு காலையும் சேர்த்து உள்ள எடுக்கறது.

ஏன்னா வயலுக்குப் போக வேண்டாம்னு நான் சொல்லவே மாட்டேன். மூணு மாசமா கட்டிலைப் பாத்துகிட்டு கிடக்கற விவசாயிக்கு பயிரைப் பாக்கறது மருந்து மாதிரி, என் பேஷண்ட்டுங்ககிட்ட இதைக் கண்ணால பாத்திருக்கேன், வீட்டுத் திண்ணையில பத்து நிமிஷம் நடக்க அலுத்துக்கறவர் களத்து மேட்டுல அரை மணி நேரம் அசராம நிப்பார். இப்பவே ரோட்டோரம் வரைக்கும் போய் சேர் போட்டு உக்காந்து ஆளுங்களுக்கு வேலை சொல்லலாம். வரப்புல இறங்கறது மூணு மாசம் கழிச்சு, அதுவும் காஞ்ச வரப்பு. வரப்பு ஒரு அடி அகலம், ஒரு பக்கம் சரிவு, அதுல நடக்கறப்ப ஒவ்வொரு அடியும் ஒத்தக் கால் பேலன்ஸ்தான், அதனால வீட்ல தரையில ஒரு கோடு போட்டு அது மேலயே நடந்து பழகிட்டு அப்புறம் போகட்டும். சேறு கடைசி. சேத்துல கால் புதைஞ்சு இழுக்கறப்ப உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, அந்த முறுக்கு முழுசா இடுப்புக்குப் போகும். ஆறு மாசத்துக்கு முன்னாடி நான் யாரையும் சேத்துல விடறதில்ல. டிராக்டர்ல ஏர்ற படி உயரமா இருக்கும், நாலு மாசத்துக்கு மேல சர்ஜன்கிட்ட கேட்டுட்டு, ஏர்றப்ப இடது கால் முதல்ல, இறங்கறப்ப வலது கால் முதல்ல, குதிச்சு இறங்கவே கூடாது. மருந்தடிக்கற 16 லிட்டர் டேங்க் நிரப்பினா 20 கிலோ கிட்ட வரும், அதை முதுகுல மாட்டிகிட்டு வரப்புல நடக்கறது, 45 கிலோ யூரியா மூட்டையைத் தோள்ல தூக்கறது, இது ரெண்டையும் இனி வேற ஆளுக்கு விட்டுடட்டும். இது மூணு மாசத்துக்கு இல்ல, நிரந்தரமாவே.

யூடியூப்ல இடுப்பு மாத்தினவங்க டென்னிஸ் ஆடறாங்களேன்னு கேட்டீங்க. பிரிட்டன் டென்னிஸ் வீரர் ஆன்டி முர்ரேவைத்தான் பாத்திருப்பீங்க. உண்மைதான், 2019 ஜனவரில ஆபரேஷன், ஜூன்ல டபுள்ஸ் பட்டம், அக்டோபர்ல ஆண்ட்வெர்ப்ல சிங்கிள்ஸ் பட்டமே ஜெயிச்சார், 2024 ஒலிம்பிக் வரைக்கும் ஆடினார். ஆனா அவருக்குப் பண்ணது ரீசர்ஃபேசிங், எலும்புத் தலையை வெட்டாம மேல உலோக மூடி போடறது, அப்ப அவருக்கு வயசு 31, பிசியோ கூடவே இருந்தார். அவர்கிட்ட இருந்து எடுத்துக்க வேண்டியது அந்த அஞ்சு மாசம் அவர் தினம் பண்ண வேலையை. அப்பாவுக்கு நடை, சைக்கிள், நீச்சல், ஆறு மாசம் கழிச்சு எல்லாமே பண்ணலாம். ஓடறது, குதிக்கறது பத்தி சர்ஜன்களுக்குள்ளயே ரெண்டு கருத்து இருக்கு. 1962ல இங்கிலாந்துல ஜான் சார்ன்லிங்கற சர்ஜன் இப்ப போடற வகை பிளாஸ்டிக் கப் போட ஆரம்பிச்சப்ப, அதுக்கு முன்னாடி அவரே போட்ட டெஃப்லான் கப் எல்லாம் சில வருஷத்துலயே தேஞ்சு போன அனுபவம் இருந்துச்சு, தேய்மானத்தைப் பத்தின பயம் அப்ப இருந்து வர்றது. இப்ப போடற பிளாஸ்டிக் பல மடங்கு உறுதி. 2019ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த பெரிய ஆய்வுல மாத்தின இடுப்பு மூட்டுகள்ல 58 சதவீதம் 25 வருஷம் தாங்குதுன்னு கணக்கு சொல்லியிருக்காங்க, அது பழைய காலத்து மூட்டுகளோட கணக்கு. அப்பாவுக்கு 56, இந்த மூட்டு அவருக்கு 80 வரைக்கும் வேணும், அதனால அவருக்கு ஓட்டம் வேண்டாம்ங்கறது என் அபிப்பிராயம்.

சம்மணம், இந்தியன் டாய்லெட். குத்த வெச்சு உக்காந்தா இடுப்பு செங்கோணத்தை நல்லாத் தாண்டி மடங்கும், அதை நான் யாருக்கும் பரிந்துரைக்கறதில்ல. சம்மணம் போடறதை சில சர்ஜன்கள் மூணு நாலு மாசம் கழிச்சு விடறாங்க, ஆபத்து உக்கார்றதுல கம்மி, கீழ இறங்கி மேல எந்திரிக்கறதுலதான் அதிகம். கல்யாண வீட்டுக்குப் போனா டேபிள் பந்தில உக்காரச் சொல்லுங்க.

இன்னொரு இடுப்பை மறந்துடாதீங்க. ஏவிஎன் நிறைய பேருக்கு ரெண்டு பக்கமும் வரும். இடது பக்கம் எம்ஆர்ஐ எடுத்திருக்கான்னு பழைய ஃபைலைப் பாருங்க, எடுக்கலன்னா கேளுங்க. ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சா மூட்டை மாத்தாம காப்பாத்த வழி இருக்கு. எதனால வந்துச்சுன்னு நீங்க எழுதல. நாள்கணக்கா ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டதா, குடிப் பழக்கமா? குடின்னா இப்ப நிறுத்தறது இடது இடுப்புக்காக. பீடி சிகரெட்டும் சேர்த்துத்தான், புண் ஆறவும் விடாது, எலும்பு புதுசா ஸ்டெம்மைப் புடிச்சுக்கவும் விடாது. சுகர் இருந்தா கட்டுப்பாட்டுல வெக்கணும், சீழ் புடிச்ச பல், கால் புண், எதையும் தள்ளிப் போடக்கூடாது, அந்தக் கிருமி ரத்தம் வழியா மூட்டுக்குப் போய் உக்காந்துச்சுன்னா மொத்தத்தையும் கழட்ட வேண்டி வரலாம். பல் டாக்டர்கிட்ட போறப்ப மூட்டு மாத்தியிருக்குன்னு சொல்லிடணும்.

எப்ப ஓடணும்னா: திடீர்னு தாங்க முடியாத வலி, கால் குட்டையாகி பாதம் உள்பக்கம் திரும்பிகிச்சு, ஊன முடியலைன்னா மூட்டு நழுவியிருக்கு, யாரும் இழுத்துப் பாக்கக் கூடாது, கட்டுப் போடற இடத்துக்கும் போகக் கூடாது, 108. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிச்சாலும், மூச்சு வாங்கி நெஞ்சு வலிச்சாலும் அப்படியே உடனே. தழும்புல நீர் கசிஞ்சாலோ, சிவந்து சூடா இருந்தாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ அன்னிக்கே உங்க சர்ஜன், லோக்கல்ல ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டு மூடி மறைக்காதீங்க.

அம்மாவும் அப்பாவும் உங்ககிட்ட கேக்காத ஒரு விஷயம் இருக்கும். புருஷன் பொண்டாட்டியா திரும்ப ஒண்ணா இருக்கறது எப்பங்கறது. மனசுக்குள்ள பயந்துகிட்டே இருப்பாங்க, யாரும் வாய் திறக்க மாட்டாங்க. ரெண்டு மாசம் போல ஆனதும் பெரும்பாலும் தடை இல்ல, மேல சொன்ன மூணு அசைவு மட்டும் வராம பாத்துக்கணும், அவர் மல்லாந்து படுத்திருக்கறது பாதுகாப்பு. அடுத்த ரிவ்யூல டாக்டர் ரூம்ல அவங்க ரெண்டு பேரை மட்டும் அஞ்சு நிமிஷம் விட்டுட்டு நீங்க மாத்திரை வாங்கப் போங்க.

கடைசியா பழனி. படி 690 கிட்ட இருக்கு. ஆறு மாசம் முடிஞ்சு, வீட்டு மாடிப்படியை கைப்பிடி புடிச்சுகிட்டு, நடுவுல நிக்காம பத்து தடவை ஏறி இறங்க முடிஞ்சா, தாராளமா போகட்டும், ஸ்டிக்கோட, அம்பது படிக்கு ஒரு தடவை உக்காந்து. நல்ல கால் முதல்ல ஏறும், ஆபரேஷன் கால் முதல்ல இறங்கும், இது ஞாபகம் இருந்தா போதும். ஆனா ஏறினதோட சரி. இறங்கறப்ப ஒவ்வொரு படிக்கும் ஒத்தக் காலை மெதுவா மடக்கி மொத்த உடம்பையும் தாங்கணும், களைச்ச சதைக்கு அதுதான் ரொம்பக் கஷ்டம், மேல வரைக்கும் போனதுக்கு அப்புறம் சதை களைச்சுத்தான் இருக்கும். வேண்டிகிட்டது ஏர்றதுக்குத்தானே, அதனால இறங்க விஞ்ச்ல டிக்கெட் எடுத்துடுங்க. தைப்பூசம், பங்குனி உத்திரம் கூட்டத்துல வேண்டாம், செவ்வாய்க்கிழமை இல்லாத ஒரு சாதாரண நாளாப் பாத்து விடிகாலையில கூட்டிட்டுப் போங்க.